காதமும் மணியும்: எல்லைச்சாவடியில் காத்திருப்பு பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

1

ஒரு நாட்டுக்குள் சரக்கு நுழைய எத்தனை மணி நேரம் ஆகிறது? பார்வைக்கு இது வெறும் நிர்வாகக் கேள்வி. வியாபாரியும் கஸ்டம்ஸ் ஏஜெண்டும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இக்கேள்வி நாடுகளை வரிசையில் நிறுத்தும் அளவுகோலாக மாறிவிட்டது. உலக வங்கி வெளியிட்டுவந்த 'டூயிங் பிசினஸ்' அறிக்கையின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு, இறக்குமதிச் சரக்கு எல்லை நடைமுறைகளை முடித்து வெளியே வர இந்தியாவில் சுமார் 65 மணி நேரமும், ஓ.இ.சி.டி. அமைப்பைச் சேர்ந்த பணக்கார நாடுகளில் சராசரியாக 8.5 மணி நேரமும் ஆவதாகச் சொன்னது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு 'பின்தங்கிய நிலை' என்று பெயர். அதைக் குறைப்பதற்குப் பெயர் 'சீர்திருத்தம்'.

எண்கள் பொய் என்று சொல்ல வரவில்லை. துறைமுகத்தில் சரக்கு கிடந்து அழுகுவதையும், ஒரு கையெழுத்துக்காக ராத்திரி பூரா வண்டி நிற்பதையும் யாரும் கொண்டாட முடியாது. கேள்வி வேறு. கடிகாரம் யார் கையில் இருக்கிறது? அது எந்த இடத்தில் ஓடத் தொடங்குகிறது, எந்த இடத்தில் நிற்கிறது? காத்திருக்கும் நேரத்துக்குக் காசு கொடுப்பது யார்?

கடலும் துறைமுகமும் இல்லாத தருமபுரி மாவட்டத்திலிருந்து இதைக் கேட்பது சிலருக்கு விநோதமாகப் படலாம். ஆனால் எல்லை என்பது கடற்கரையில் மட்டும் இருப்பதில்லை. 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டம், 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை ஓசூரையும் உள்ளடக்கியிருந்தது. தெற்கே தொப்பூர் கணவாய், வடக்கே ஓசூரைத் தாண்டி மைசூர்ச் சீமை. கீழ்நாட்டையும் மேட்டு நாட்டையும் இணைக்கிற இந்த வழித்தடத்தில், சரக்கை நிறுத்திக் கேள்வி கேட்பது என்பது அரசுகள் மாறினாலும் மாறாத ஒரு பழக்கமாக இருந்து வந்திருக்கிறது.

2

தகடூர் அதியமான்களைப் பற்றி ஔவையார் பாடிய பாடல்களில் இரண்டு செய்திகள் நமக்கு இங்கே உதவும். ஒன்று, அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்பது. புறநானூற்றின் 99-ஆம் பாடல் அதை அவர்களுடைய பெருமைகளில் ஒன்றாக வைக்கிறது. வெளியிலிருந்து பொருளைக் கொண்டுவருவது அரச குலத்தின் புகழாக எண்ணப்பட்ட காலம் அது. இன்னொன்று, 102-ஆம் பாடலில் வரும் உமணர்களின் உப்பு வண்டி. மேடும் பள்ளமும் ஏறி இறங்கவேண்டிய வழியில் என்ன ஆகுமோ என்று, வண்டியின் அடியில் ஒரு சேமஅச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு அந்த அச்சு உவமையாகிறது. தாமதம் என்பது இங்கே வழியின் இயல்பு. அதற்கான ஏற்பாடு வண்டிக்காரனிடமே இருக்கிறது. தாமதத்தை யாரும் மணிக்கணக்கில் அளக்கவில்லை.

சுங்கம் பற்றிய சங்கப் பதிவுகளில் முக்கியமான இரண்டு ஒரே புலவருடையவை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரர்களைக் காட்டுகிறார். கடலிலிருந்து நிலத்துக்கும் நிலத்திலிருந்து கடலுக்கும் போகும் மூட்டைகள் முற்றத்தில் குவிகின்றன. புலிச் சின்னம் பொறித்து வெளியே விடுகிறார்கள். சூரியனின் தேர்க்குதிரைகளைப் போல் ஓய்வில்லாதவர்கள் என்று அவர்களுக்குப் பாராட்டு வேறு. அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில், மிளகு மூட்டை சுமந்த கழுதைகள் போகும் காட்டுவழியையும் அங்கே சுங்கம் வாங்கும் பெருவழியைக் காக்கும் வில்லாளிகளையும் காட்டுகிறார். துறைமுகச் சுங்கம், வழிச்சுங்கம் என்ற இரு வடிவங்களும் இவ்வாறு ஒரே காலத்தில் இருந்திருக்கின்றன. ஒன்றில் முத்திரை, மற்றொன்றில் வில். தருமபுரி போன்ற உள்நாட்டுப் பகுதிகளின் அனுபவம் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

பிற்காலத்துச் சான்று ஒன்று இம்மாவட்டத்திலேயே கிடைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'அதியமான் பெருவழி' மைல்கல், நாவற்தாவளம் என்ற இடத்துக்கு இன்னும் 29 காதம் என்று சொல்கிறது. தூரத்தை எழுத்திலும் எண்ணிலும் பொறித்ததோடு நில்லாமல், குழிகளாகவும் வெட்டியிருக்கிறார்கள். பத்துக்குப் பெரிய குழி, ஒன்றுக்குச் சிறிய குழி. எழுத்துத் தெரியாதவன் விரலால் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அளவு யாருக்காக என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது. இந்தக் கல் நடப்பவனுக்காக நடப்பட்டது.

அது குறிப்பிடும் ஊரின் பெயரும் கவனிக்கத்தக்கது. தாவளம் என்றால் வணிகர்கள் தங்குமிடம். வழி போய்ச் சேருவதே ஒரு நிறுத்தத்தில்தான். மாட்டுக்குத் தண்ணீர், மனிதனுக்குச் சோறு, கொண்டுவந்ததில் கொஞ்சம் விற்பனை, ஊர்ச் சேதி எல்லாம் அங்கே நடக்கும். 'நிறுத்தம்' வேறு, 'தாமதம்' வேறு. நவீன அளவீடு இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

இதனால் பழங்காலத்தில் சாவடித் தொல்லையே இல்லை என்று ஆகிவிடாது. அப்படி ஒரு பொற்காலத்தைக் கட்டியெழுப்பும் வேலை நமக்கு வேண்டாம். 1070-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் நிலைத்தது. எந்தச் சுங்கம், எவ்வளவு காலத்துக்கு என்பதெல்லாம் கல்வெட்டுகளில் தெளிவாக இல்லை. ஆனால், ஒரு வரியை நீக்கியதற்காக ஓர் அரசனை ஜனங்கள் நினைவில் வைத்திருந்தார்கள் என்றால் அந்த வரி எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்!

3

இந்த நிலம் உண்மையான பொருளில் இரு நாடுகளுக்கு இடைப்பட்ட எல்லையாக இருந்தது 1792 முதல் 1799 வரை. சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் வந்த உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் இருந்துகொண்டுதான் அவர் வருவாய் நிர்வாகம் கற்றார். மேலே ஓசூர்ப் பக்கம் 1799-இல் திப்பு வீழும்வரை மைசூரின் கையில் இருந்தது. ஆற்காட்டு நாட்டோடும் நிஜாம் நாட்டோடும் நடந்துவந்த வியாபாரத்தைத் திப்பு தடைசெய்ததால் பெங்களூர் வணிகம் நொடித்துப்போனதாக, 1800-1801-இல் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் பதிவு செய்கிறார். அவர் கும்பெனிக்காரர், வென்றவர் தரப்பு. அதை மனதில் வைத்துத்தான் படிக்கவேண்டும். எனினும் கீழே ஒரு நாடு, மேலே ஒரு நாடு, நடுவே சாவடி என்ற நிலையில் சரக்கு என்ன பாடுபட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

திப்பு போனபிறகு சாவடியும் போயிற்றா? இல்லை. 'சாயர்' என்று அழைக்கப்பட்ட வழிச்சுங்கங்கள் கும்பெனி ஆட்சியிலும் தொடர்ந்தன. இங்கேதான் 'நேரம்' ஒரு வாதமாக நுழைகிறது. வங்காள மாகாணத்தின் உள்நாட்டுச் சுங்கம் பற்றிச் சார்லஸ் டிரெவெல்யன் 1834-இல் எழுதிய அறிக்கை, சௌக்கிகளில் நடக்கும் சோதனையையும் தாமதத்தையும் அற்பச் சம்பளக்காரச் சேவகர்களின் பிடுங்கலையும் விரிவாகச் சாடியது. இன்னொரு கணக்கையும் அது போட்டுக் காட்டியது. இங்கிலாந்திலிருந்து வரும் துணிக்கு வரி இரண்டரை சதவீதம். உள்ளூர்த் துணிக்கோ பஞ்சாக இருக்கும்போது ஒரு வரி, நூலானதும் ஒரு வரி, நெய்ததும் ஒரு வரி, சாயமேற்றியதும் ஒரு வரி. எல்லாம் சேர்ந்து பதினேழரை சதவீதம். பின்னாளில் ரொமேஷ் சந்திர தத் இந்தக் கணக்கைத் தன் பொருளாதார வரலாற்றில் எடுத்தாண்டார்.

வங்காளத்தில் 1836-இலும் சென்னை மாகாணத்தில் 1844-இலும் வழிச்சுங்கம் ஒழிக்கப்பட்டது. மைசூரில் மார்க் கப்பன் ஆணையராக இருந்த காலத்தில் (1834-1861) எழுநூற்றுக்கும் மேற்பட்ட சில்லறை வரி இனங்கள் நீக்கப்பட்டன. நல்ல காரியம்தான். ஆனால் இந்தச் சீர்திருத்தம் வந்துசேர்ந்த நேரத்தைப் பாருங்கள். லங்காஷயர்த் துணி உள்நாட்டுச் சந்தைகளை ஏறக்குறையப் பிடித்துவிட்ட பிறகுதான் தடைக்கம்புகள் தூக்கப்படுகின்றன. நெசவாளியை அழுத்திய காலமெல்லாம் சாவடி இருந்தது. இறக்குமதித் துணி உள்ளே போகவேண்டிய காலத்தில் வழி சுத்தமாயிற்று. அதோடு முடியவில்லை. 1844-இல் சென்னை மாகாணத்தில் இழந்த சுங்க வருவாயை ஈடுகட்ட உப்பின் விலையை உயர்த்தினார்கள். லண்டன் இயக்குநர்கள் தலையிட்டுக் கொஞ்சம் இறக்கினார்கள் என்பது வேறு கதை. வழியில் நின்ற சாவடி இவ்வாறு அடுப்பங்கரைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வடக்கே இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. உப்பு கடத்தலைத் தடுக்க எழுப்பிய உள்நாட்டுச் சுங்க வேலி 1869 வாக்கில் 2,300 மைல் நீளத்துக்குப் போயிற்று. முள்வேலியும் மதிலுமாக அதைக் காக்கச் சுமார் 12,000 ஆட்கள். 1879-இல்தான் அது கைவிடப்பட்டது.

இந்த வரலாற்றிலிருந்து ஒன்று தெரிகிறது. தடை நீங்கும்போதெல்லாம் வழி பொதுவாகத் திறப்பதில்லை. யாருடைய சரக்கு முதலில் போகவேண்டும் என்ற தீர்மானத்தோடுதான் திறக்கிறது.

4

சுதந்திர இந்தியாவில் மாநில எல்லை புதிய சாவடிகளைக் கொண்டுவந்தது. 1959-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம், பின்னர் தமிழ்நாட்டின் பெயரில் வழங்கியது, சோதனைச்சாவடிகளுக்கு இடமளித்தது. ஓசூருக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பக்கம் சூசூவாடி, கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளி. தென்னிந்திய லாரிக்காரர்கள் அறியாத பெயர்களல்ல இவை. வணிகவரிக்காரருக்குப் பில், போக்குவரத்துக்காரருக்குப் பெர்மிட், காட்டிலாகாவுக்கு மரம் மட்டை இருக்கிறதா என்ற சந்தேகம். தார்ப்பாயை அவிழ்த்துக் கட்டவே ஒரு பொழுது போய்விடும். 'மாமூல்' என்ற சொல்லுக்கு வழக்கம் என்பதுதான் மூலப்பொருள். அதற்கு லஞ்சம் என்ற பொருள் ஏறியதில் சாவடிகளுக்கும் பங்கு உண்டு.

சும்மா நிற்கும் லாரிக்கும் வட்டி ஓடும். முதலாளி அதை வாடகையில் ஏற்றுவார். வியாபாரி விலையில் ஏற்றுவார். டிரைவருக்கும் கிளீனருக்கும் எதில் ஏற்றுவது? டிரிப்புக்கு இவ்வளவு என்று பேட்டா பேசிவிட்டால், சாவடியில் தூங்கிக் கழித்த இரவுக்குத் தனியாக யாரும் கொடுப்பதில்லை. ஈ.பி. தாம்சன் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஆலைக் கடிகாரம் எப்படித் தொழிலாளியின் நேரத்தை முதலாளியின் பணமாக்கிற்று என்று காட்டியது. சாலையில் நடப்பது அதன் மறுபக்கம். வேலை நடக்கும் நேரம் முதலாளிக்கு. வேலை நிற்கும் நேரம் தொழிலாளிக்கு.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வணிகவரிச் சாவடிகளை எடுத்துவிட்டன. நாளொன்றுக்கு 225 கி.மீ. ஓடிய லாரி இப்போது 300 முதல் 325 கி.மீ. வரை ஓடுகிறது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்த ஆண்டே அறிவித்தது. 1844-ஐப் போலவே இதுவும் நல்ல காரியம்தான். அதே மாதிரி இங்கும் அடுத்த கேள்வியைக் கேட்கவேண்டியிருக்கிறது. மிச்சமான நேரம் யாருக்குப் போயிற்று? டிரைவர் வீட்டில் கூடுதலாக ஒரு நாள் இருந்தாரா, அல்லது கூடுதலாக நூறு கிலோமீட்டர் ஓட்டினாரா? அமைச்சகத்தின் எண்ணே பதில் சொல்லிவிடுகிறது. அது கிலோமீட்டரில்தான் இருக்கிறது. சரிவில் பிரேக் பிடிக்காமல் போகும் வண்டிகளுக்கும் விபத்துகளுக்கும் பேர்போன தொப்பூர் கணவாயைத் தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிறவர்களுக்கு அந்தக் கிலோமீட்டர் என்னவென்று தெரியும்.

சாவடி இருந்தால்தான் எல்லை என்பதும் இல்லை. 2016 செப்டம்பரில் காவிரி நீர் தொடர்பான தீர்ப்பை அடுத்துப் பெங்களூரில் கலவரம் மூண்டபோது, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் ஓசூரைத் தாண்ட முடியாமல் நின்றன. அந்தக் காத்திருப்பை எந்தச் சர்வதேச அறிக்கையும் எண்ணிக்கையில் சேர்க்காது. அதற்கான கட்டம் அவர்கள் படிவத்தில் கிடையாது.

5

இப்போது அந்தப் படிவத்துக்கு வருவோம். 'டூயிங் பிசினஸ்' எந்தச் சரக்கை அளந்தது? அதன் கடைசிக் கால முறைப்படி ஒரு கற்பனைச் சரக்கை: பெட்டியில் அடைத்த 15 டன் வாகன உதிரிப் பாகம். எல்லா நாட்டிலும் அதே பாகம், அதே எடை. அந்தந்த நாட்டின் பெரிய வணிக நகருக்கு அது போகிறது. இந்தியாவுக்கு மும்பையும் டில்லியும். இத்தனை மணி நேரம் ஆகும் என்று சொல்கிறவர்கள் சரக்கு முகவர்களும் சுங்கத் தரகர்களும் இவர்களைப் போன்ற தொழில்காரர்களும். கேள்வித்தாளில் அவர்கள் தரும் பதில்தான் தரவு. ஓசூர் சிப்காட்டுக்குச் சென்னைத் துறைமுகம் வழியாக நிஜமாகவே வரும் உதிரிப் பாகம் இந்தக் கணக்கில் இல்லை. ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவு வேண்டும், அதற்குக் கற்பனைப் பெட்டி வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் ஒரு புனைவை வைத்து எழுதிய எண், அரசுகளின் கொள்கையையே திருப்பும் சக்தி பெற்றுவிடுகிறபோது அதைப் புனைவு என்று நினைவூட்டுவது விமர்சனத்தின் கடமை.

புனைவு எந்த அளவுக்கு அரசியலானது என்பது பிறகு தெரிந்தது. எல்லை வணிகப் பட்டியலில் இந்தியா இரண்டே ஆண்டுகளில் 146-இலிருந்து 68-ஆம் இடத்துக்கு வந்தது. 2018, 2020 பதிப்புகளில் சீனா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு எமிரேட்ஸ், அஜர்பைஜான் ஆகிய நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்ததாகக் கண்டறியப்பட்டு, 2021 செப்டம்பரில் அறிக்கையே நிறுத்தப்பட்டது.

வேறொரு அளவீட்டைப் பாருங்கள். அதே உலக வங்கியின் 2023-ஆம் ஆண்டுச் சரக்குப் போக்குவரத்துத் திறன் குறியீடு, கேள்வித்தாளோடு நில்லாமல் உண்மையான கண்டெய்னர்களின் நகர்வைத் தொடர்ந்து சென்று கணக்கெடுத்தது. 2022 மே முதல் அக்டோபர் வரை ஒரு கண்டெய்னர் துறைமுகத்தில் கிடந்த சராசரி நாட்கள்: இந்தியாவில் சுமார் 3, அமெரிக்காவில் 7, ஜெர்மனியில் 10. எட்டரை மணி நேரத்தில் வேலையை முடிக்கும் பணக்கார நாட்டில் பெட்டி பத்து நாள் கிடக்கிறது! முரண்பாடு ஒன்றுமில்லை. முதலாவது, எல்லாக் காகிதமும் சரியாக இருக்கும் ஒரு பெட்டிக்கு அதிகாரியும் துறைமுகமும் எடுத்துக்கொள்ளும் நேரம். இரண்டாவது, நிஜப் பெட்டி நிஜமாகக் கிடந்த நேரம். அதில் துறைமுக நெரிசல் உண்டு, கிடங்கில் இடமில்லாத முதலாளி வேண்டுமென்றே விட்டுவைத்ததும் உண்டு. கடிகாரத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து 'முன்னேறிய' நாடும் 'பின்தங்கிய' நாடும் இடம் மாறிக்கொள்கின்றன.

இந்தியச் சுங்கத்துறை தானே செய்யும் அளவீடு மூன்றாவது வகை. சரக்கு சுங்க நிலையத்துக்கு வந்ததிலிருந்து வெளியேற அனுமதி கிடைப்பதுவரை பதிவேட்டு நேரங்களைக் கூட்டிச் சராசரி காண்கிறார்கள். 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தம் இத்தகைய கணக்கெடுப்பை ஊக்குவிக்கிறது. 2023 ஆய்வின்படி கடல் துறைமுகத்தில் 85 மணி 42 நிமிடம். உள்நாட்டுக் கண்டெய்னர் முனையத்தில் 71 மணி 46 நிமிடம். விமானச் சரக்கு நிலையத்தில் 44 மணி 16 நிமிடம். நில எல்லை ஒருங்கிணைந்த சாவடியில் 31 மணி 47 நிமிடம். மூன்று முறைகளில் ஒப்பீட்டளவில் நேர்மையானது இதுதான் எனலாம். ஆனாலும் சராசரி என்பது சமமற்றவர்களைச் சமமாக்கிக் காட்டும் வித்தை. முன்கூட்டியே ஆவணம் தாக்கல் செய்தவர், 'நம்பகமான' வணிகர் என்று சான்று பெற்றவர், கணினி 'ஆபத்தில்லை' என்று தேர்ந்தெடுத்த சரக்கு ஆகியவைதான் விரைந்து வெளியேறுவதாக அந்த ஆய்வே சொல்கிறது. அந்தச் சான்றைப் பெறக் கணக்காளரும் கட்டமைப்பும் வேண்டும். வருடத்துக்கு ஒரே ஒரு இயந்திரம் இறக்குமதி செய்கிற சின்னப் பட்டறைக்காரரின் நேரம் சராசரிக்குள் கரைந்துபோகிறது. பெரியவர்களுக்கு வரிசையே இல்லாமல் போவதாலும் சராசரி குறையும். சின்னவர்களுடைய வரிசை அப்படியே இருக்கலாம்.

6

சாவடி போன இடத்தில் இன்று இருப்பது இ-வே பில். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையே ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு அது கட்டாயம். அதில் ஒரு காலக்கெடு உண்டு. முதலில் 100 கி.மீ.க்கு ஒரு நாள். 2021 ஜனவரி 1 முதல் 200 கி.மீ.க்கு ஒரு நாள். கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னோ பின்னோ நீட்டிப்புக் கேட்கலாம். தவறினால் பறக்கும் படை வண்டியைப் பிடித்து நிறுத்தலாம், அபராதம் போடலாம்.

வரலாற்றில் இது ஒரு தலைகீழ் மாற்றம். முன்பு சரக்கு அரசுக்காகக் காத்திருந்தது. அரசு தாமதித்தால் அதற்குத் தண்டனை இல்லை. ஓர் அறிக்கையில் மோசமான எண் வரும், அவ்வளவுதான். இப்போது அரசு சரக்குக்குக் கெடு விதிக்கிறது. தாமதம் என்பது அதிகாரியின் குறையாக இருந்தது போய் ஓட்டுகிறவனின் குற்றமாகிறது. டயர் வெடித்தாலும் உடம்பு சரியில்லாமல் போனாலும் விளக்கம் சொல்லவேண்டியது அவன் தரப்பு. உமணனின் சேமஅச்சு மறுபடியும் வண்டிக்காரனிடமே வந்துவிட்டது, கூடவே அபராதச் சீட்டோடு.

சாவடியைத் திரும்பக் கொண்டுவா என்பதல்ல இதன் முடிவு. ஒப்பிடுவதை நிறுத்து என்பதுமல்ல. ஒப்பிட வேண்டும். நாட்டுக்கும் நாட்டுக்கும் மட்டுமல்ல, ஒரே வரிசையில் நிற்கும் பெரிய வணிகனுக்கும் சின்ன வணிகனுக்கும், சரக்கின் நேரத்துக்கும் அதை ஓட்டுகிறவனின் நேரத்துக்கும். எந்த மணிக்கணக்கு நம் முன் வைக்கப்பட்டாலும் அது யார் காத்திருந்த நேரம், அதற்கு யார் காசு கொடுத்தார் என்று இரண்டு பத்திகள் கூடச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அதியமான் பெருவழியில் கல் நட்டவர்கள், படிக்கத் தெரியாதவனும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி குழி வெட்டியிருந்தார்கள். இன்றைய அளவுகள் வழியில் போகிறவனுக்காக எழுதப்படுவதில்லை. வழியில் போகிறவனைப் பற்றி, வேறு யாருக்கோ எழுதப்படுகின்றன.